லாரிக் கண்ணாடி மாட்டிய கடை

ராயபுரத்தில் நான் வைத்திருக்கும் அழகுசாதனக் கடைக்கு முதல் தடவை வருகிறவர்கள் லிப்ஸ்டிக்கைப் பார்ப்பதில்லை. கண்ணாடிகளைத்தான் பார்ப்பார்கள். "இன்னாக்கா, லாரிக் கண்ணாடிய கழட்டிகினு வந்து மாட்டிகீற?" என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். எங்கே கழற்றியது என்று சந்தேகமாகக் கேட்ட போக்குவரத்துக் காவலர் ஒருவரும் உண்டு. அவருக்குப் புதுப்பேட்டைக் கடையின் பில்லை எடுத்துக் காட்டினேன். மனைவிக்கு ஒரு கண்மை வாங்கிக்கொண்டு போனார்.

கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. விளம்பரம் செய்கிறாள் என்பீர்கள். ஆனால் கடை ஏன் அப்படி இருக்கிறது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் ஆணி எங்கே அடிப்பது என்பதுவரை அதை யோசித்து யோசித்து வடிவமைத்தது நான். நிறத்தைப் பார்க்கும் கண் எனக்கு உண்டு. அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. தன்னடக்கம் வேண்டுமென்றால் வேறு யாரிடமாவது போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் கண் எனக்குச் சித்தியைப் பார்த்து வந்தது. அம்மாவின் தங்கை. காசிமேட்டில் மீன் எடுத்து, தண்டையார்பேட்டைத் தெருக்களில் கூடையில் வைத்து விற்கிறவள். விடியற்காலை ஏலத்தில் நிற்கும்போது பார்த்தால் அடையாளமே தெரியாது. புடவைக்கு மேலே சித்தப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கணுக்காலுக்கு மேலே சேறும் செதிலும். ஏலம் முடிந்து, மீனைக் கூடையில் அடுக்கி, மேலே ஐஸைக் கொட்டிய பிறகுதான் அவளுடைய வேலை ஆரம்பிக்கும். ஐஸ் கம்பெனிக் குழாயில் முகத்தைக் கழுவுவாள். சட்டையைக் கழற்றிச் சுருட்டுவாள். உள்ளே கஞ்சி போட்ட காட்டன் புடவை மடிப்புக் கலையாமல் இருக்கும். அந்தக் கூட்டத்திலும் தண்ணீரிலும் அது எப்படிக் கலையாமல் இருக்கிறது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அப்புறம் கண்ணாடி. துறைமுகத்துக்குள் போவதற்காகக் கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் லாரிகள் அந்தச் சாலை முழுக்க வரிசையில் நிற்கும். நின்றால் நின்றதுதான், எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. சித்தி ஏதாவது ஒரு லாரியின் படியில் காலை வைத்து ஏறி நிற்பாள். டிரைவரிடம், "இருய்யா, ரெண்டு நிமிசம்" என்பாள். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடியைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொள்வாள். டிரைவர் ஆந்திராவோ பீகாரோ, ஒருத்தரும் மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை. முதலில் கண்மை, அடுத்து பெரிய பொட்டு, கடைசியாக லிப்ஸ்டிக். நல்ல அடர்த்தியான அரக்கு நிறம். எங்கள் நிறத்து உதட்டில் அது உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது அந்த லாரிக் கண்ணாடியில்தான். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய நான் கீழே கூடைக்குக் காவலாக நின்றுகொண்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

நான் மட்டும் பார்க்கவில்லை. எங்கள் தெருவே சித்தியைப் பார்த்துத்தான் உடுத்தியது. அவள் இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டாள், அடுத்த மாதம் தெருவில் பாதிப் பேர் மறுபக்க மூக்கையும் குத்திக்கொண்டு வந்தார்கள். அவள் ரவிக்கைக்கு முழங்கைவரை கை வைத்து ஓரத்தில் ஒரு மடிப்பு வைத்தாள். எங்கள் தையல்காரர் அதற்குப் பிறகு யார் துணி கொண்டுவந்தாலும், "சாதா கையா, மீன்கார அக்கா கையா?" என்றுதான் கேட்பார். வெயிலில் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு கூடையோடு அவள் நடந்து வந்தால் திருவொற்றியூர் பக்கம் போகிற பஸ்ஸிலிருந்து தலைகள் திரும்பும். ஒரு தடவை மாடி வீட்டு அம்மா ஒருத்தி வஞ்சிரம் பேரம் பேசிக்கொண்டே, "மீன் விக்கப் போறவளுக்கு லிப்ஸ்டிக் எதுக்கு?" என்று கேட்டாள். சித்தி செவுளைத் தூக்கிக் காட்டியபடியே சொன்னாள்: "மீன் கண்ணு பளபளன்னு கீதான்னு பாத்துதானம்மா வாங்குற? விக்கிறவ மூஞ்சி மட்டும் வாடிகினு இருக்கணுமா?" அந்த அம்மா அதன்பிறகு பேரம்கூடப் பேசவில்லை.

படித்து முடித்த பிறகு எனக்கு ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய மாலில் வேலை கிடைத்தது. அழகுசாதனக் கவுன்ட்டரில் கறுப்புச் சட்டையும் கொண்டையுமாக நின்றுகொண்டு விற்கிற வேலை. தொழிலை அங்கேதான் கற்றேன், மறுக்க மாட்டேன். ஆனால் அந்த மஞ்சள் வெளிச்சம் இருக்கிறதே, அது பெரிய மோசடி. அதன் கீழே யாரும் இரண்டு நிறம் வெளுப்பாகத் தெரிவார்கள். அந்த வெளுப்புக்கு ஏற்ற பவுடரை வாங்கிக்கொண்டு வெளியே வெயிலுக்குப் போனதும் முகம் தனியாகவும் கழுத்து தனியாகவும் தெரியும். என் நிறத்துப் பெண்கள் எத்தனை பேரைச் சுண்ணாம்பு அடித்து அனுப்பினார்களோ தெரியாது. நான் அனுப்பவில்லை. "அக்கா, இது உங்களுக்கு வேணாம், ரோட்டுக்கு வந்து பாருங்க" என்று வாசல்வரை கூட்டிக்கொண்டு போவேன். மேலாளர் பார்த்துவிட்டுக் கத்துவார்.

அங்கே இன்னொன்றும் கற்றேன். எங்கள் வீட்டில் மீன் வாடை துணியில், தலைமுடியில், பையில் எல்லாவற்றிலும் இருக்கும். எங்களுக்குத் தெரியாது, மற்றவர்களுக்குத் தெரியும். ஒருநாள் கூட வேலை செய்கிற பெண் மூக்கைச் சுருக்கி, "ஏதோ வாடை வருதுல்ல?" என்றாள். "ஏசிக்குள்ள எலி செத்திருக்கும்" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் சென்ட் அடித்துக்கொண்டுதான் உள்ளே போவேன். அது பழக்கமாகிவிட்டது, பல் தேய்ப்பது போல.

ஒருநாள் மேலாளரோடு முட்டிக்கொண்டு, வேலை வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். எனக்கு ஒரே யோசனைதான் இருந்தது. எங்கள் பெண்களுக்கு, எங்கள் நிறத்துக்கு, எங்கள் ரோட்டிலேயே ஒரு கடை. ராயபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை காலியாகிக் கிடந்தது. நின்று கையை விரித்தால் இரண்டு சுவரும் எட்டிவிடும், அவ்வளவுதான் அகலம். சித்தி மீன் விற்கப் போகிற வழியும் அதுதான். அதற்காகவே அதை எடுத்தேன்.

"உன்னை வச்சுத்தான் சித்தி கடையே போடப் போறேன்" என்று சொன்னபோது சித்தி, "லூசாடி நீ?" என்றாள். ஆனால் மறுநாளே கூடையோடு கடைக்கு வந்து, சுவருக்குப் பூசும் பட்டி மூட்டை மேல் குந்திவிட்டாள். வேலை நடந்த நாட்களெல்லாம் தினமும் வந்தாள். கூடையைத் தரையில் இறக்கிவிட்டு, ஒரு டீ குடித்து, பெயின்ட் அடிக்கிறவர், எலக்ட்ரீஷியன், தச்சர் எல்லோரையும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டுப் போவாள்.

சுவருக்கு அரக்கு நிறம் என்றேன். பெயின்டர் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "இத்தினூண்டு ரூமுக்கு டார்க் அடிச்சா குகை மாதிரி ஆயிடும்மா. கிரீம் கலர் அடிச்சிக்கலாம்." நான் சித்தியின் லிப்ஸ்டிக்கை வாங்கி அவருடைய பெயின்ட் டப்பா மூடியில் ஒரு கோடு இழுத்து, இந்த நிறம்தான், வேறு பேச்சு வேண்டாம் என்றேன். அடித்து முடித்ததும் சித்தியை அந்தச் சுவருக்கு முன்னால் நிற்கச் சொன்னேன். அவள் முகம் விளக்கேற்றியது மாதிரி எழுந்து நின்றது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் கருத்த முகம் அடங்கிப்போகும், அரக்குக்கு முன்னால் எழும். பெயின்டர் அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அட, நல்லாதான் கீது" என்றார். அவர் மகள் கல்யாணத்துக்கு மேடைக்குப் பின்னால் அந்த நிறத்தில்தான் துணி கட்டினாராம்.

விளக்குக்குப் பாரிமுனைக்குப் போனேன். கை முழுக்க லிப்ஸ்டிக் கோடு இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு பல்பாகப் போடச் சொல்லி அதன் கீழே கையைப் பார்த்து, பிறகு ரோட்டுக்கு ஓடிவந்து வெயிலில் அதே கையைப் பார்த்தேன். இரண்டு இடத்திலும் ஒரே நிறம் தெரிகிற பல்புதான் வேண்டும். கடைக்காரர் முதலில் சிரித்தார், அப்புறம் முறைத்தார், அப்புறம் அவரே ஏணி போட்டு மேல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சரியாக இருந்தது.

கண்ணாடியில் மட்டும் சறுக்கினேன். புதுப்பேட்டையில் பழைய வண்டிச் சாமான் விற்கிற கடையில், கம்பியோடு கூடிய லாரிக் கண்ணாடிகளை ஒரு சாக்கு நிறைய வாங்கி வந்தேன். சுவரில் மாட்டினால் வேண்டிய பக்கம் திருப்பிக்கொள்ளலாம், குனியாமல் நிமிர்ந்து நின்று பார்க்கலாம். பாதி மாட்டியதும் சித்தி போய் ஒன்றில் எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது, என் மூக்கு கத்திரிக்கா கணக்கா கீது! இத்தப் பாத்து எவடி லிப்ஸ்டிக் வாங்குவா?" வாங்கியதில் சில, பக்கத்தில் வருகிற வண்டியெல்லாம் தெரிய வேண்டும் என்று செய்த புடைத்த வட்டக் கண்ணாடிகள். தச்சர் சிரித்ததில் உளி கீழே விழுந்தது. அவற்றைக் கழற்றிவிட்டு நீளமான தட்டைக் கண்ணாடிகளை மட்டும் வைத்தேன். வட்டக் கண்ணாடி ஒன்றை மட்டும் கீழே, குழந்தைகள் பார்த்துச் சிரிக்கட்டும் என்று விட்டேன்.

பெயர்ப்பலகையில் முகம் எதுவும் வேண்டாம், இரண்டு மூக்குத்தி மட்டும் போதும் என்றேன். அதைப் பார்த்ததும் சித்தி தன் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவளைப் பேச்சில்லாமல் ஆக்கியதை நினைத்து அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

கடைசியாகக் கண்ணாடிக் கதவு. அதை வைக்காமல் முடியாது என்று நினைத்தேன். வாசலில் லாரி போகிற ரோடு. மேசையில் விரலால் பெயர் எழுதுகிற அளவுக்குத் தூசி வரும். அதனால் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே ஏசி. எல்லாம் முடிந்த பிறகு, மாலில் பார்த்த பழக்கத்தில், கதவுக்கு மேலே ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியையும் மாட்டினேன். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை தானாகவே புஸ்ஸென்று மல்லிகை வாசனை அடிக்கும் பெட்டி. அது அடிக்கும்போதெல்லாம் எனக்கு, ஆஹா, கடை என்றால் இதுதான் கடை என்று தோன்றும்.

திறப்பு விழாவுக்குச் சித்திதான் போனி செய்ய வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். எங்கள் பக்கத்தில் முதல் வியாபாரம் யார் கையால் நடக்கிறது என்பது பெரிய விஷயம். சித்தி கைராசிக்காரி. காசிமேட்டில் பெரிய வியாபாரிகள்கூட, "யக்கா, நீ வந்து ஒரு கூறு எடுத்துட்டுப் போ" என்று காலையில் அவளுக்காகக் காத்திருப்பார்கள். அவளுக்காக அந்த அரக்கு லிப்ஸ்டிக்கைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன்.

சித்தி வந்தாள். புதுப்புடவை, இரண்டு பக்கமும் புது மூக்குத்தி. கூடையும் இருந்தது, திறப்பு விழா என்பதற்காக வியாபாரத்தை விடுகிறவள் அவள் இல்லை. வாசலில் சொந்தக்காரர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள், மாடி வீட்டுக்காரர்கள் என்று நல்ல கூட்டம். நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வா சித்தி" என்றேன். ஒரு காலைத் தூக்கினாள். பிறகு அந்தக் காலைப் பின்னால் வைத்துவிட்டாள். "சோக்கா கீதுடி" என்றாள். "மீன் கெட்டுப்பூடும், அப்பால வரேன்." போய்விட்டாள். கடையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரரின் மருமகள் ஒரு அட்டை ஹேர்பின் வாங்கிப் போனி செய்தாள். எனக்கு அழுகை முட்டியது. சிரித்துக்கொண்டே கேசரி கொடுத்தேன்.

அப்பாலும் வரவில்லை. தினமும் கடை வழியாகத்தான் போனாள். "கால் ஈரமா கீது", "நேரமாயிட்ச்சு", "நாளைக்கி வரேன்" என்று ரோட்டிலிருந்தே சொல்லிவிட்டுப் போனாள். அவள் வரவில்லை என்றதும் காசிமேட்டுப் பெண்கள் ஒருத்திகூட வரவில்லை. வந்ததெல்லாம் புது அடுக்குமாடி வீட்டுக்காரர்கள். வந்தார்கள், ஏசியில் நின்றார்கள், "அந்த வெளுக்குற கிரீம் இருக்கா?" என்று கேட்டார்கள். வெளுக்கிற கிரீம் விற்கவா நான் மால் வேலையை விட்டு வந்தேன்? மேலாளர் வேறு, எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம் என்று செய்தி அனுப்பியிருந்தார். இப்படியே போனால் அதுதான் கதி என்று பயமாக இருந்தது. அதைவிடச் சித்தி மேல் கோபமாக இருந்தது. தன்னை வைத்து நான் பெரிய ஆளாகிவிட்டேன் என்று பொறாமையோ என்றுகூட நினைத்தேன்.

ஒருநாள் காலை டிரெய்லர் வரிசை எங்கள் கடைவரை வந்து நின்றுவிட்டது. என் கதவுக்கு நேர் எதிரே ஒரு பெரிய வண்டி. நான் உள்ளே, ஏசியில், ஆளில்லாத கடையில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், சித்தி அந்த லாரியின் படியில் ஏறுகிறாள். "இருய்யா, ரெண்டு நிமிசம்" என்கிறாள். கண்ணாடியைத் திருப்பி, கண்மை, பொட்டு, லிப்ஸ்டிக். இடுப்பில் செருகியிருந்த பழைய லிப்ஸ்டிக், அடிவரை தேய்ந்துபோனது, குச்சியை விட்டுத் தோண்டி எடுக்கிறாள். என் சுவரில் அவளுக்காகவே மாட்டிய கண்ணாடிகள் எல்லாம் சும்மா தொங்குகின்றன.

எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. வெளியே ஓடினேன். "உள்ள இத்தனை கண்ணாடி மாட்டி வச்சிருக்கேன், இங்க வந்து லாரில தொங்கிகினு கீறியே, என்னை அசிங்கப்படுத்தணும்னே செய்றியா?" என்று கத்தினேன். டிரைவர் பயந்துபோய் எஞ்சினை அணைத்தார். சித்தி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வண்டி கெளம்பப் போவுது, இரு" என்று உதட்டை மடித்துச் சரிசெய்துவிட்டு இறங்கிக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அன்று மாலை உட்கார்ந்து யோசித்தேன். சரி, கை ஈரம், மீன் வாடை, அதற்காகக் கூச்சப்படுகிறாள் என்று கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததில் ஏகப்பட்ட பெருமை எனக்கு. பிளம்பரைக் கூப்பிட்டு, கடை வாசலில் ஒரு குழாய், ஒரு சின்னத் தொட்டி, எலுமிச்சை சோப்பு, மாட்டி வைத்த துண்டு என்று எல்லாம் செய்தேன். தொட்டிகூட அரக்கு நிறம்தான், விட்டுவிடுவேனா?

மறுநாள் சித்தி வந்தாள். குழாயைப் பார்த்தாள். கூடையை இறக்கிக் கீழே வைத்தாள்.

"இன்னாது இது?"

"குழாய் சித்தி. கை கழுவிகினு உள்ள வரலாம்ல, அதுக்குத்தான்."

"யாரு?"

"நீதான். நம்ம மீன்கார அக்காங்க எல்லாரும்."

"மாடி வூட்டுக்காரி வந்தா, அவளையும் கை கழுவச் சொல்லுவியா?"

நான் துண்டை எடுத்து மறுபடி மடித்து மாட்டினேன்.

"தொறந்த அன்னிக்கி கால எடுத்து வெக்கப் போறேன், மேலருந்து புஸ்ஸுன்னு அடிக்குது. கூடையோட நிக்கறேன். அத்தினி பேரும் என்னியத்தான் பாத்தாங்க."

"ஐயோ சித்தி! அது மெஷின். யார் வந்தாலும் வராட்டியும் அதுவா அடிக்கும்."

"மெஷினுன்னு எனக்குத் தெரியாதா? நானு பெரிய கடைங்களப் பாத்ததில்லியா? மெஷின வெச்சது யாரு?"

நான் நிமிர்ந்து அந்தப் பெட்டியைப் பார்த்தேன்.

"உள்ள கீறது எல்லாம் பவுடரு, சென்டு, சோப்பு. நாறுறதுக்கு அங்க இன்னா கீது? யாருக்குன்னு வெச்ச, சொல்லுடி."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கூடையைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். அடுத்த நாளிலிருந்து அந்த வழியாகவே வரவில்லை, பின் சந்து வழியாகப் போகிறாள் என்று அம்மா சொன்னாள்.

அன்று அவள் போனதும் நான் உள்ளே போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன். அந்தப் பெட்டி என் தலைக்கு மேலே இன்னொரு தடவை புஸ்ஸென்று அடித்தது. ஸ்டூலைப் போட்டு ஏறிப் பிடுங்கி எறிந்தேன். யாருக்கென்று வைத்தேன்? எனக்கென்றுதான் வைத்தேன், வேறு யாருக்கு? பஸ்ஸை விட்டு இறங்கியதும் அடித்துக்கொண்ட சென்டைக் கொண்டுவந்து வாசலில் மாட்டிவிட்டேன். யாரோ மூக்கைச் சுருக்கியதற்குப் பயந்து சித்தியை ரோட்டில் நிறுத்திவிட்டேனே என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

சித்தி வீட்டுக்குப் போய் நான் கெஞ்சவில்லை. எனக்கும் அவளுக்கும் ஒரே ரத்தம், கெஞ்சினால் இரண்டு பேருக்குமே பிடிக்காது. எனக்குத் தெரிந்தது கடை. அதைச் சரிசெய்தால் அவளுக்குப் புரியும் என்று தெரியும்.

கண்ணாடிக் கதவு மாட்டிய அண்ணனைக் கூப்பிட்டு, கழற்றுங்கள் என்றேன். "உடைஞ்சா போச்சு? நல்லாத்தானம்மா கீது?" என்றார். நல்லாத்தான் இருக்கிறது, கழற்றுங்கள் என்றேன். ஏசியையும் அனுப்பிவிட்டு மின்விசிறி மாட்டினேன். தூசிக்காக டப்பாக்களை எல்லாம் மூடி போட்ட இழுப்பறைகளுக்குள் மாற்றினேன். போட்டுப் பார்க்க வைத்திருக்கும் லிப்ஸ்டிக்குகளைத் துடைக்கக் கையில் ஒரு துணி எப்போதும் இருக்கும், போகட்டும். லாரிக் கண்ணாடிகளை உள்ளிருந்து எடுத்து, ஷட்டரின் இரண்டு பக்கமும் ரோட்டைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும்படி, லாரியில் இருப்பது போலவே மாட்டினேன். அதற்குக் கீழே, மார்பு உயரத்துக்கு ஒரு கனமான பலகை. யாருடைய கையையும் எதிர்பார்க்காமல் தலையிலிருந்து கூடையை நேராக அதில் இறக்கலாம். தச்சர் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல லிப்ஸ்டிக்கா அடுக்கப் போற?" என்று கேட்டார். இல்லை அண்ணே, மீன் என்றேன்.

சோப்பையும் துண்டையும் எடுத்துவிட்டேன். குழாயை மட்டும் விட்டுவைத்தேன், தண்ணீர் யாருக்கும் வேண்டியதுதானே.

அந்த வாரம் முழுக்கக் கடை திறந்தே கிடந்தது. டிரைவர்கள் வந்து குழாயில் முகம் கழுவி, கண்ணாடியில் தலை வாரிக்கொண்டு போனார்கள். ஒருத்தர் ஃபேஸ் வாஷ் வாங்கினார். சித்தி வரவில்லை. ஒவ்வொரு நாள் காலையும் ஷட்டரைத் தூக்கிவிட்டு, சந்துக்குள்ளிருந்து கூடை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே விளக்கேற்றுவேன்.

ஒருநாள் நான் சாமிப் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் பலகையில் தொப்பென்று சத்தம் கேட்டது. ஐஸ் உருகிய தண்ணீர் சொட்டுகிற சத்தமும் கேட்டது. திரும்பவே பயமாக இருந்தது. திரும்பினேன்.

சித்தப்பாவின் சட்டையோடுதான் வந்திருந்தாள், காசிமேட்டிலிருந்து நேராக. குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். ஒரு கை தண்ணீரை அள்ளி மீன் மேல் தெளித்தாள். சட்டையைக் கழற்றிச் சுருட்டிப் பலகையில் வைத்தாள். மடிப்புக் கலையாத காட்டன் புடவை. கண்ணாடிக் கம்பியைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். பிறகு கையை என் பக்கம் நீட்டினாள், திரும்பிப் பார்க்காமலே.

திறப்பு விழாவுக்கு எடுத்து வைத்திருந்த அரக்கு லிப்ஸ்டிக்கை அந்தக் கையில் வைத்தேன்.

நிதானமாகப் போட்டாள். உதட்டை மடித்தாள். முகத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். வெயில், பல்பு, இரண்டிலும் ஒரே நிறம். "எவ்ளோ?" என்றாள்.

"உன்னாண்ட போய்க் காசு வாங்குவனா சித்தி?"

"அடி செருப்பால. இன்னிக்கி இன்னும் போனியே ஆவல, ஓசில குடுக்கிறியா? கடை வெளங்கிடும்!"

இடுப்புப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தாள். ஈரமாக, ஒரு செதில் ஒட்டிக்கொண்டு இருந்தது. நான் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போட்டேன். சித்தி உள்ளே எட்டிச் சுவர், விளக்கு, கூரை எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அப்புறம் படியேறி உள்ளே வந்து, என்னுடைய நாற்காலியில் உட்கார்ந்து, "டீ சொல்லு" என்றாள்.

டீ வந்தது. குடித்துவிட்டு, கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு, கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு போனாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நாளைக்கு வரேன் என்றும் சொல்லவில்லை. வருகிறவர்கள் அதைச் சொல்ல வேண்டியதில்லை.

கொஞ்ச நேரத்தில் அடுக்குமாடி வீட்டுப் பெண்மணி ஒருவர் வந்தார். நல்ல புடவை, நல்ல கைப்பை. கண்மை கேட்டார். இழுப்பறையைத் திறக்கும்போது அவர் மூக்கைச் சுருக்கி அங்குமிங்கும் பார்த்தார்.

"என்னங்க, ஏதோ வாடை வருதே?"

"மீன் வாடை" என்றேன். "எங்க சித்தி இப்பதான் போனி பண்ணிட்டுப் போச்சு."